சார் லா, நீங்க எப்பப் போவீங்க?

வெளிநாட்டில் வாத்தியார் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் நாலு பேர் ஒன்றுகூடினால், பேச்சு சாப்பாடு, குளிர், பாஷை என்ற மூன்றைத் தாண்டாது. முதல் மாதம் பட்ட பாட்டை ஆளுக்கு ஒன்றாகச் சொல்வோம். கடைசியில் எல்லாரும் "அப்புறம் பழகிடுச்சு" என்று முடிப்போம். எத்தியோப்பியாவில் இருந்தவரும் அதைத்தான் சொல்வார், மாலத்தீவில் இருந்தவரும் அதைத்தான் சொல்வார். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சமீபகாலமாக அந்த வாக்கியம் வாயில் வரும்போதே உறுத்துகிறது. ஏதோ நாங்கள் மட்டும் சிரமப்பட்டு, நாங்களாகவே பழகிக்கொண்டதுபோல ஒரு தொனி அதில் இருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு ஊரே உட்கார்ந்து எங்களைப் பழக்கியதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நான் இருந்தது பூட்டானின் கிழக்கே, ட்ராஷிகாங் மாவட்டத்தில், ரங்ஜுங்குக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் ஒரு கிராமம். 2010-களின் தொடக்கம். பத்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளி, பாதிப் பிள்ளைகள் விடுதியில். எனக்குக் கணக்குப் பாடம். சென்னையிலிருந்து குவாஹாத்தி வரை ரயில், அங்கிருந்து எல்லை ஊரான சம்ட்ரப் ஜோங்கர், கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்துக்கொண்டு மறுநாள் காலை பஸ். அங்கிருந்து ட்ராஷிகாங் சுமார் 180 கிலோமீட்டர்தான், ஆனால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். 1960-களில் இந்திய எல்லைச் சாலை அமைப்பின் டந்தக் பிரிவு மலையை வெட்டிப் போட்ட சாலை. நான் போனது ஜூலை, கொட்டும் மழை. மண் சரிந்தது, பஸ் நின்றது, அட்டை கடித்தது. மலைநாட்டுப் பயணக் கட்டுரைகளில் இதையெல்லாம் நிறையப் படித்திருப்பீர்கள், விட்டுவிடுகிறேன்.

பள்ளிக் குடியிருப்பில் எனக்குக் கொடுத்த வீட்டில் ஒரு விறகு அடுப்பு, ஒரு மலையாளக் காலண்டர், அடியில் கறுத்துப்போன ஒரு பிரஷர் குக்கர். முன்பு இருந்தவர் விட்டுப்போனவை. நான் பெட்டியைத் திறப்பதற்குள் ஏழெட்டுப் பிள்ளைகள் விறகுக் கட்டோடு வந்துவிட்டார்கள். யாரும் சொல்லி வந்ததாகத் தெரியவில்லை. புது மருமகனுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவதுபோலக் கிராமத்தைக் காட்டினார்கள். எந்தக் குழாயில் காலையில் தண்ணீர் வரும், எந்த நாய் கடிக்கும், எந்தக் கடையில் கடன் சொல்லலாம். இந்தியன் சார்களுக்கு இங்கத்திச் சிவப்பரிசி இறங்காது, உணவுக் கழகத்துக் கடையில் இந்திய வெள்ளை அரிசி வரும், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி குக்கரைத் தூக்கிக் காட்டி, "இதைத் தூக்கிப் போட்டுடாதீங்க சார் லா, பருப்பு சட்டியில வேகாது" என்றாள். அங்கே 'லா' என்பது பேச்சில் ஒட்டிக்கொள்ளும் மரியாதைச் சொல். இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் பருப்பு வேக நேரமாகும் என்பது நான் பாடம் நடத்தக்கூடிய விஷயம். அவள் எனக்கு எத்தனை விசில் என்றே சொல்லிவிட்டாள்.

எல்லாம் காட்டி முடிந்து கிளம்பும்போது ஒரு பையன் நின்றான். அங்கே பெரியவர்களிடம் பேசும்போது பிள்ளைகள் லேசாகக் குனிந்து, கையால் வாயை மறைத்துக்கொள்வார்கள், மூச்சு மேலே படக் கூடாது என்று. அப்படி மறைத்துக்கொண்டு கேட்டான்: "சார் லா, நீங்க எப்பப் போவீங்க?"

நான் வந்து அரை நாள் ஆகவில்லை. சிரித்துவிட்டு, "இப்பத்தானே வந்திருக்கேன்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. தேதி கேட்டவன் தேதிக்காகக் காத்திருப்பதுபோல நின்றுவிட்டு, போய்விட்டான்.

முன்னால் வந்தவர்கள்

அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். பூட்டானின் முதல் ஐந்தாண்டுத் திட்டம் 1961-ல் தொடங்கியபோது பள்ளிகள் திறந்த வேகத்துக்கு உள்ளூரில் ஆசிரியர்கள் இல்லை. ஆரம்பத்தில் புத்தகங்கள்கூட இந்தியில்தான் இருந்தன, பிறகுதான் ஆங்கில வழிக்கு மாறினார்கள். அப்போதிருந்து இந்திய ஆசிரியர்கள், குறிப்பாகக் கேரளத்துக்காரர்கள், அந்த மலைகளில் ஏறிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் ட்ராஷிகாங் பக்கத்தில் பாதர் வில்லியம் மேக்கியின் பெயர் தெரியாத பெரியவர் கிடையாது. கனடாவிலிருந்து வந்த ஏசு சபைப் பாதிரியார். 1963-ல் ட்ராஷிகாங் வந்தார், காங்லுங்கில் ஷெரப்ட்சே பள்ளியை வளர்த்தெடுத்தார், 1995-ல் திம்புவில் இறந்தார். நடுவில் அந்த நாட்டுக் குடிமகனாகவே ஆகிவிட்டார். ஒருவர் அப்படி வந்து உயிருள்ளவரை இருந்துவிட்டார். அவருக்குப் பின்னால் வந்த நாங்களெல்லாம் ஒப்பந்தத்தில் வந்து ஒப்பந்தத்தில் போனவர்கள்.

இதனால் ஊருக்கு எங்களைப் பற்றி ஒரு தயார் அறிவு இருந்தது. 'இந்தியன் சார்' என்று ஒரு இடம் காலியாக இருக்கும், வருகிறவர் அதில் உட்கார வேண்டியதுதான். அந்த அறிவு என் விஷயத்தில் சில இடங்களில் வழுக்கவும் செய்தது. இந்தியன் என்றால் இந்தி பேசுவான் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி நம்பினார். சாலை போட்ட காலத்தில் டந்தக் ஆட்களோடு வேலை பார்த்துப் பழகிய இந்தி அவருடையது, அப்புறம் சீரியல் பார்த்து மெருகேற்றிக்கொண்டது. என் இந்தியோ விருதுநகர் இந்தி. பாட்டி பேசுவதைப் பாதி புரிந்துகொண்டு நான் பதில் சொல்ல, அவர் என்னைக் கவலையோடு பார்ப்பார். இந்தியாவிலிருந்து வந்தவனுக்கு இந்தி சொல்லிக்கொடுத்த பூட்டான் பாட்டி என்று வீட்டுக்கு எழுதினேன்.

வேறு சில இடங்களில் எதிர்பாராத ஒட்டுதலும் இருந்தது. பாஸ்போர்ட் எடுத்த நாளிலிருந்து 'சர்நேம் என்ன' என்று கேட்டு என் இனிஷியலைப் படுத்தியெடுக்காத அலுவலகம் இல்லை. பூட்டானில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. லாமா வைக்கும் பெயர்தான். அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேருக்கும் ஒட்டாத மூன்று பெயர். ஒரே வகுப்பில் மூன்று சோனம், ஆணும் உண்டு பெண்ணும் உண்டு. வருகைப் பதிவேட்டில் சோனம் ஏ, சோனம் பி என்று குறித்திருப்பார்கள். என் பெயருக்குப் பின்னால் என்ன என்று யாரும் கேட்காத இரண்டரை வருடங்கள் அவை. அந்த நிம்மதியை நம் ஆட்களுக்குத்தான் சொல்லிப் புரியவைக்க முடியும்.

வரவேற்பும் பெரிதாகவே நடந்தது. கிழக்கே சோக்சாங் என்று ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி வந்தால் ஊர்ப் பெண்கள் வீட்டுக்கு வீடு காய்ச்சிய ஆரா என்ற சாராயத்தைக் குப்பியில் எடுத்துக்கொண்டு வரிசையாக வந்து உட்காருவார்கள். மக்காச்சோளத்தில் வடித்தது, வெண்ணெயில் முட்டையைப் பொரித்துப் போட்டுச் சுடவைத்தது. ஒருவர் ஊற்றியதைக் குடித்துவிட்டு இன்னொருவர் ஊற்றியதை மறுக்கக் கூடாது. நான் உதட்டை மட்டும் நனைத்து நனைத்தே அந்த மாலையை ஒப்பேற்றினேன். எமா தட்சிக்கு அந்தத் தந்திரம் எடுபடவில்லை. அங்கே மிளகாய் தாளிக்கிற பொருள் இல்லை, காய்கறி. பச்சை மிளகாயைக் கூறு கூறாக அரிந்து பாலாடைக்கட்டியில் வேகவைத்துச் சோற்றோடு சாப்பிடுகிறார்கள். ஆந்திராக்காரர்களே கண் கலங்குவார்கள். தோமா போட மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. பாக்கு மட்டும் ஈரமாக, ஊறிப்போன வாடையோடு இருக்கும்.

இப்படிக் கொண்டாடுகிறவர்கள், அதே நேரத்தில் ஒரு கையளவு தூரத்தில் வைத்திருப்பதையும் கவனித்தேன். பிள்ளைகள் மரியாதையாக இருந்தார்கள், சிரித்தார்கள், சொன்னதைச் செய்தார்கள். வகுப்பில் "சந்தேகம் இருக்கா?" என்றால் ஒரே குரலில் "இல்லை லா". நான் நடத்துவது புரிகிறதா, பிடிக்கிறதா, ஒன்றும் தெரியாது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் வேதியியல் நடத்திய மலையாள நண்பர் ஞாயிற்றுக்கிழமை போனில், "மாஷே, இது மலைக்காரர்களின் கூச்சம், போகப் போகச் சரியாகும்" என்றார். எனக்கு அது கூச்சமாகப் படவில்லை. கூச்சப்படுகிற பிள்ளை வந்த அன்றே எப்போது போவாய் என்று கேட்காது.

நோட்டு

ஒன்பதாம் வகுப்பில் சமன்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். நான் நடத்துவதை எழுதாமல், கடைசி வரிசையில் ஒருத்தி பழைய நோட்டு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வாங்கிப் பார்த்தேன். தடிமனான, அட்டை கிழிந்து காக்கித் தாள் ஒட்டிய நோட்டு. அக்காவிடமிருந்து தங்கைக்கு, அவளிடமிருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்று கை மாறி வந்தது. கையெழுத்துகள் வேறு வேறு. ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே தலைப்புகள் போட்டிருந்தார்கள்: கேரளா சார் முறை, பீகார் சார் முறை, கனடா மேடம் முறை.

கேரளா சார் முறையில், எண் அந்தப் பக்கம் போனால் குறி மாறும்: கூட்டல் கழித்தலாகும், பெருக்கல் வகுத்தலாகும். ஏன் என்றெல்லாம் கிடையாது. நானும் அப்படித்தான் படித்தவன். பீகார் சார் முறையில் இரண்டு பக்கமும் ஒரே எண்ணைக் கூட்டி, அதை ஒவ்வொரு வரியிலும் முழுசாக எழுதிக் காட்ட வேண்டும். கனடா மேடம் முறையில் எழுத்தே குறைவு. தராசுப் படம் போட்டு, இரண்டு தட்டிலிருந்தும் ஒரே அளவு எடுத்துக்கொண்டே போகிறார். அந்த வருடங்களில் பூட்டானின் கணக்குப் பாடத்திட்டம் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்தின் துணையோடு புதிதாக எழுதப்பட்டிருந்தது. புத்தகம் முழுக்க, விடையைவிட 'எப்படி யோசித்தாய்' என்று கேட்கிற கேள்விகள். மேடம் முறை அந்தப் புத்தகத்தோடு பொருந்தியது. மற்ற இரண்டும் பழைய காலத்தவை. இருபடிக் கோவையைக் காரணிப்படுத்துவதற்கும் அதேபோல மூன்று முறை, மூன்று தலைப்பு.

கவனமாகத் தொகுத்திருந்தார்கள். ஆனால் மூன்றும் ஒன்றுதான் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கணக்குப் போடுவது என்பது வருகிற சாரின் ஊர் வழக்கம், அவர் இருக்கும்வரை அப்படிப் போட வேண்டும், இதுதான் அந்தப் பிள்ளைகள் வந்து சேர்ந்திருந்த முடிவு. அதில் தப்புச் சொல்லவும் வழியில்லை. ஒவ்வொருவரும் வந்து, முன்னவர் எழுதியதை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

புரட்டிக்கொண்டே போனேன். கனடா மேடத்துக்குப் பின்னால் ஒவ்வொரு பாடத்திலும் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. இது எதற்கு என்றேன். "உங்க முறைக்கு, சார் லா" என்றாள். கேட்டிருக்க வேண்டாம், கேட்டுவிட்டேன்: எனக்கு இத்தனை பக்கமா? "இல்லை லா. உங்களுக்குப் பாதி. மீதி அடுத்து வர்றவங்களுக்கு."

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கேட்டதற்குத் தகவல் சொன்னாள். அந்தப் பையன் வந்த அன்று கேட்டதும் இந்தக் கணக்கில்தான் என்று அப்போது எனக்குப் பட்டது. எத்தனை பக்கம் விடுவது என்று தெரிய வேண்டுமே! நான் ஊருக்குப் பழகுவதற்கு முன்பே, நான் போவதற்கு ஊர் பழகி முடித்திருந்தது. எங்களில் பலர் ஊருக்கு எழுதும் கடிதங்களில், அன்பான பிள்ளைகள், ஆனால் ஒட்டமாட்டேன் என்கிறார்கள் என்று குறைப்பட்டிருக்கிறோம். ஒட்டி ஒட்டி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிய்த்துக்கொள்வது யாருக்கு முடியும்? அந்த நோட்டு அவர்களாகச் செய்துகொண்ட ஏற்பாடு. ஆட்கள் நிலைக்கமாட்டார்கள், எழுத்தாவது நிலைக்கட்டும்.

அடுத்த வகுப்பில் நான் புதிதாக எதையும் தொடங்கவில்லை. அவர்கள் நோட்டிலிருந்தே ஒரு கணக்கை எடுத்து, மூன்று முறையையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கேரளா சாரின் 'அந்தப் பக்கம் போனால்' என்பது மேடத்தின் தராசில் எந்த இடத்தில் நடக்கிறது என்று அவர்களையே தேடச் சொன்னேன். நேரம் பிடித்தது, பாடத்திட்டம் பின்தங்கியது. முடியும் தறுவாயில் அந்த நோட்டுக்காரி கையால் வாயை மறைக்காமலே கேட்டாள், "ஒண்ணுதான்னா அவங்க ஏன் சொல்லலை?" அவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லையே என்றேன். ஒருவர் கிளம்பியபின்தான் இன்னொருவர் வந்தார்.

பனிக்காலத்துக்குப் பின்

டிசம்பர் நடுவில் பள்ளி மூடினால் பிப்ரவரியில்தான் திறக்கும். இந்திய ஆசிரியர்கள் ஊருக்குப் போகிற காலம் அது. சிலர் அப்படியே நின்றுவிடுவதும் உண்டு, பெட்டியை ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வார்கள். பிப்ரவரியில் நான் திரும்பி வந்து இறங்கியபோது கடைக்கார அம்மா "வந்துட்டீங்களா" என்றார். அதில் ஆச்சரியம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு வேலைகள் வர ஆரம்பித்தன. முதல் வருடம் ஒரு சுள்ளிகூடத் தூக்கவிடாதவர்கள். ஊர்த் தலைவரான குப்பின் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் மனு எழுதித் தரச் சொன்னார்கள். கடைக்கார அம்மா வருடக் கணக்கைக் கூட்டிப் பார்க்கச் சொன்னார், கூட்டியபோது என் கடனும் அதில் தடித்த எழுத்தில் இருந்தது. வில்வித்தைப் போட்டியில் புள்ளி எழுத உட்கார வைத்தார்கள். கிட்டத்தட்ட 145 மீட்டர் தள்ளி நிற்கிற சின்னப் பலகையில் அம்பு பட்டதா இல்லையா என்று இரண்டு தரப்பும் ஆடிப்பாடி வாதாடும்போது நடுவில் நோட்டோடு இருப்பவனுக்கு எந்த மரியாதையும் கிடைக்காது. லோச்சோ என்று ஒவ்வொரு வீட்டிலும் வருடத்துக்கு ஒருமுறை பூஜை நடக்கும். லாமாக்கள் வந்து மத்தளமும் கொம்புமாக ஓதுவார்கள். முதல் வருடம் என்னைப் பூஜை அறையில், லாமாக்களுக்கு அடுத்து, தடித்த கம்பளத்தில் உட்கார வைத்து, சுஜா என்ற வெண்ணெய்த் தேநீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். இந்த முறை அந்த இந்திப் பாட்டி என்னைப் பார்த்ததும் அடுப்படியைக் காட்டி, சோற்று அண்டாவுக்கு ஒரு கை பிடி என்றார். அவர் பேச்சில் எனக்கு முழுசாகப் புரிந்த முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

பழகிவிட்டது என்று நாங்கள் சொல்வது இந்த இடத்தைத்தான். ஆனால் பனிக்காலம் முடிந்து பஸ் ஏறியது தவிர அதற்கு நான் செய்தது என்ன என்று யோசித்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆள் திரும்பி வந்தானா என்று பார்த்துவிட்டு, ஊர்தான் எடுக்க வேண்டிய முடிவை எடுத்தது.

ஒப்பந்தம் எப்போது தொடங்க வேண்டும்

என் ஒப்பந்தம் இரண்டு வருடம், ஜூலைக்கு ஜூலை. அந்த நோட்டுக்காரியின் ஜூனியர்களை ஒன்பதாம் வகுப்பு முழுக்கக் கூட்டி வந்து, பத்தாம் வகுப்பின் பாதியில், டிசம்பர் பொதுத் தேர்வுக்கு அரை வருடம் இருக்கும்போது நான் கிளம்ப வேண்டும். அந்தத் தேர்வு சின்ன விஷயமல்ல. அப்போது ஒரு கட்-ஆஃப் இருந்தது. அதைத் தாண்டினால்தான் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. தாண்டாதவர்கள் பணம் கட்டித் தனியார் பள்ளியில் சேர வேண்டும், இல்லையென்றால் மக்காச்சோளக் கொல்லைக்குத் திரும்ப வேண்டும். 2019-ல்தான் அரசு அதை எடுத்தது. நான் டிசம்பர் வரை நீட்டிப்பு வாங்கினேன். வாங்குவதற்கு எழுதிய கடிதங்களைவிட, வீட்டில் சொன்ன சமாதானங்கள்தான் அதிகம்.

இப்போது அங்கே நிலைமை வேறு மாதிரி. சம்ட்சே, பாரோ கல்வியியல் கல்லூரிகளிலிருந்து சொந்த ஆசிரியர்கள் நிறைய வந்துவிட்டார்கள். 2019-ல் ஆசிரியர் சம்பளத்தை நன்றாகவே உயர்த்தினார்கள். ஆனால் கடந்த சில வருடங்களாக அந்த ஆசிரியர்களே ஆஸ்திரேலியாவுக்கு விசா எடுத்துக்கொண்டு போகிறார்கள். என்னிடம் படித்த ஒருத்தி லுன்ட்ஸேயில் ஒரு மலைப் பள்ளியில் டீச்சராக இருக்கிறாள். வேலையில் சேர்ந்த வாரம் பிள்ளைகள் அவளிடம் கேட்டது, "மேடம் லா, உங்களுக்கு விசா வந்துடுச்சா?" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள். இன்னும் விண்ணப்பிக்கவே இல்லையாம். விண்ணப்பிக்கப் போவதில்லை என்றும் அவள் எழுதவில்லை.

போகாதே என்று அவளிடம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இருக்கிற சம்பளத்தையும் விலைவாசியையும் பார்த்தால் நியாயமும் இல்லை. வெளியூர் ஆசிரியர்களே வேண்டாம் என்கிற கட்சியும் நான் இல்லை. என் வாதம் சின்னது. போகப்போகிற ஆள் என்றால், பிள்ளைகளின் கணக்குப்படி போகட்டும். ஒன்பதாம் வகுப்போடு பிப்ரவரியில் வந்து, அதே பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதிய டிசம்பரில் கிளம்பட்டும். அடுத்தவர் வரும்வரை ஒரு வாரமாவது இரண்டு பேரும் ஒரே வகுப்பில் நிற்கட்டும். மலையாள நண்பர் இதைக் கேட்டுச் சிரித்தார். "மாஷே, காலியிடம் எப்ப விழுதோ அப்பத்தானே கூப்பிடுவான்?" உண்மைதான். ஜூலையில் ஒருவர் போனால் ஜூலையில் ஆள் வேண்டும், பிப்ரவரி வரை பிள்ளைகள் சும்மா உட்கார முடியாது. அப்படியானால் அந்த முதல் ஆறு மாதத்தை இரண்டு வருடத்துக்கு வெளியே உபரியாக வைத்து, ஒப்பந்தத்தை இரண்டரை வருடமாக எழுதலாம். வீட்டில் இன்னும் ஒரு ஆறு மாதச் சண்டை கூடும், அவ்வளவுதான்.

வேலைக்குப் போகிறேன் என்று அவ்வப்போது என்னிடம் விசாரிக்கிறவர்கள் சம்பளம், குளிர், துவரம் பருப்பு கிடைக்குமா என்று கேட்கிறார்கள். கிடைக்கும், சம்ட்ரப் ஜோங்கரில் மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத் தேதியைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.